ஞாயிற்றுக்கிழமை முப்பது விநாடி

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியவள் முதல் வேலையாக ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்குவாள். பிடுங்கிவிட்டு உடனே நகர்ந்துவிட மாட்டாள். அதன் கதவில் உள்ளங்கையை வைத்தபடி நிற்பாள். உள்ளே எதுவோ ஒருமுறை குலுங்கி, பெருமூச்சு விட்டு அடங்கும். அடுத்தது மின்விசிறி. சுவிட்சை அணைத்தால் போதாது. மூன்று இறக்கைகளும் தனித்தனியாகத் தெரிந்து நிற்கும்வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு சுவர்க்கடிகாரத்தைக் கழற்றிப் படுக்கையறைக்கு எடுத்துப்போய், இரண்டு தலையணைகளுக்கு நடுவில் வைத்துப் போர்வையால் மூடுவாள். கதவோரத்து ஆணியில் தொங்கும் சாவிக்கொத்தை எடுத்து மேசைமேல் படுக்கவைப்பாள். பியானோவில் சில கட்டைகளை அழுத்தினால் அந்தக் கொத்து ஆணியில் தானாகக் கிணுகிணுக்கும். அது அவள் காதுக்கு மட்டும்தான் கேட்கும். அவள் கணவன் அப்படி ஒரு சத்தமே இல்லை என்று சத்தியம் செய்வான்.

"கடிகாரத்துக்குக் காய்ச்சல் எப்படி இருக்கு?" என்பான் வாசற்படியில் உட்கார்ந்தபடி. அவன் ஃபிரிட்ஜ் மெக்கானிக். "ஊர்ல இருக்கற ஃபிரிட்ஜையெல்லாம் ஓட வைக்கறவன் வீட்டுல ஃபிரிட்ஜுக்கு வாராவாரம் லீவு. வெளியில தெரிஞ்சா என் பொழப்பு சிரிப்பாச் சிரிச்சுடும்."

அதற்குள் அவள் பியானோவிடம் போயிருப்பாள். பியானோவின் மேல்மூடியில் துண்டு ஒன்றை நான்காக மடித்துப் போட்டு, அதன்மேல் கைபேசியை வைத்து எண்ணை அழுத்துவாள். மறுமுனையில் இயந்திரம். கைதியின் எண்ணைக் கேட்கும். அதையும் அழுத்தினால், "முப்பது விநாடிக்குள் உங்கள் செய்தியைப் பதிவு செய்யவும்" என்று சொல்லிவிட்டு ஒரு பீப். அந்தச் சத்தம் ஓய்வதற்குள் அவள் விரல்கள் கட்டைகளின் மேல் இறங்கியிருக்கும்.

அவ்வளவுதான். வாரத்துக்கு ஒருமுறை, முப்பது விநாடி. அந்த முப்பது விநாடியைத்தான் அவள் திங்கள் முதல் சனி வரை உருவாக்கிக்கொண்டிருந்தாள்.

சிறையில் இருப்பவன் அவள் தம்பி. வீட்டில் இருந்தது இரண்டே பிள்ளைகள், பெரியவள், சின்னவன். அக்கம்பக்கத்துக்கும் அதுதான் பெயராக ஒட்டிக்கொண்டது. சின்னவன் ஒரு சலவைக் கம்பெனியின் வேன் ஓட்டினான். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை அழுக்காக எடுத்துப்போய் வெள்ளையாகத் திருப்பிக் கொடுக்கும் வேலை. ஒருநாள் இரண்டு ஷிப்ட் சேர்த்து ஓட்டியவன் விடிகாலையில் ஸ்டியரிங்கிலேயே கண்ணயர்ந்துவிட்டான். பஸ் நிறுத்தத்தில் ஒரு தாயும் மகளும் நின்றிருந்தார்கள். வழக்கில் வக்கீல் கம்பெனியை இழுக்கப் பார்த்தார். இரண்டு ஷிப்ட் ஓட்டச் சொன்னது அவர்கள்தானே என்றார். சின்னவன் எழுந்து, "தூங்கினது நான்தான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். அதற்குமேல் அவனிடமிருந்து ஒரு வார்த்தையும் கிளம்பவில்லை. பார்க்கப் போனவர்களைப் பார்க்க மறுத்தான். அனுப்பிய பொருட்கள் திரும்பி வந்தன. மிச்சம் இருந்த ஒரே வழி அந்த இயந்திரம்.

தொடக்கத்தில் பெரியவள் பேசத்தான் செய்தாள். "தம்பி, அக்கா பேசறேன். சாப்பிட்டியா? உடம்பு எப்படி இருக்கு? மாமா கேட்டதாச் சொல்லச் சொன்னாரு. இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். நீ மட்டும்…" அங்கே இயந்திரம் கத்தரித்துவிடும். அடுத்த வாரம் முன்கூட்டியே யோசித்து, சாப்பிட்டியா என்பதை எடுத்துவிட்டுத் தொடங்குவாள். ஆனால் வாய் கேட்காது. அது தன் பாட்டுக்குச் சாப்பாட்டில் தொடங்கி, மறுபடியும் 'நீ மட்டும்' என்ற இடத்துக்கு வந்து நிற்கும். அந்த வாக்கியம் எப்படி முடியும் என்பது அவளுக்கே தெரியாமல் போனது.

ஒருநாள் சிறையின் நலன் அதிகாரி கூப்பிட்டார். நடுவயதுப் பெண், குரலில் எப்போதும் லேசான ஜலதோஷம்.

"அம்மா, உங்க தம்பி ஒரு விஷயம் சொல்லச் சொன்னாரு. அக்கா பேச வேணாமாம். உங்க குரலைக் கேட்டா அன்னிக்குப் பூரா எழுந்திரிக்கவே மாட்டேங்கறாரு."

பெரியவள் கைபேசியை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "பேச வேணாம்னு சொன்னானா, போன் பண்ண வேணாம்னு சொன்னானா?"

"பேச வேணாம்னுதான் சொன்னாரு. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

"சரி மேடம். பேசல."

கைபேசியைக் கீழே வைத்தபோதே அவள் பார்வை பியானோவுக்குப் போயிருந்தது.

அவள் இசையமைப்பாளர் இல்லை. ஒரு ஹோட்டலின் வரவேற்புக் கூடத்தில் மாலை வேளைகளில் பியானோ வாசிப்பவள். அங்கே யாரும் கேட்பதற்காக உட்காருவதில்லை. சாவிக்காகவும், டாக்சிக்காகவும், இன்னும் வந்து சேராதவர்களுக்காகவும் உட்காருகிறார்கள். இத்தனை வருடத்தில் மற்றவர்கள் போட்ட மெட்டுகளைத்தான் வாசித்திருக்கிறாள். ஹோட்டல் புதுப் பியானோ வாங்கியபோது தூக்கிப்போட இருந்த பழையதை மெக்கானிக் தன் நண்பர்கள் மூன்று பேருடன் மாடிப்படி வழியாகத் தூக்கி வந்தான். அன்றிலிருந்து அவனுக்கு இடுப்புவலி. "சீதனமா வர வேண்டியது லேட்டா வந்து இடுப்பை வாங்கிடுச்சு" என்று இன்றும் சொல்வான்.

முதல் ஞாயிறு அவள் வாசித்தது எட்டு விநாடிகூட ஓடவில்லை. நான்கு சுரங்களில் ஒரு கேள்வி போலத் தொடங்கி, கையை எடுத்து, ஒரு மூச்சு விட்டாள். பியானோ வாசிப்பவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள்; வாக்கியத்துக்கு நடுவில் காற்புள்ளி மாதிரி. அந்த மூச்சுக்குள் இயந்திரம் புகுந்து, "உங்கள் செய்தி பதிவாகிவிட்டது. நன்றி" என்றது. சத்தம் இல்லையென்றால் ஆள் போய்விட்டதாக அதற்கு அர்த்தம். அந்த வாரத்துப் பங்கு போயிற்று.

அதற்குப் பிறகுதான் அந்த இயந்திரத்தின் குணங்களை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டாள். ஒரு மாமியாரின் குணங்களைக் கற்றுக்கொள்வது போல, திட்டு வாங்கித்தான். மௌனம் கூடாது. கீழ்ஸ்தாயி அதன் வழியே போகாது. கைபேசி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வாசித்துப் பார்த்தபோது இடது கை வாசித்ததெல்லாம் காணாமல் போயிருந்தது. ஓங்கி அடித்தால் தகரம் கிழிவதுபோல ஒலி உடைந்தது. ஆக, எண்பத்தெட்டுக் கட்டைகளில் அவளுக்கு மிஞ்சியவை நடுவில் இருக்கும் கொஞ்சம். அதற்குள் ஒரு மெட்டு கிளம்பி, சிறிது தூரம் போய், திரும்பிப் பார்த்து, வீடு வந்து சேர வேண்டும். பியானோவில் அழுத்திய சுரம் நிற்காது. அழுத்திய கணத்திலிருந்தே சாக ஆரம்பித்துவிடும். ஆகவே அவள் இடது கட்டைவிரலுக்கு ஒரே ஒரு கட்டையைக் கொடுத்து, தொடக்கம் முதல் முடிவு வரை விடாமல் தட்டிக்கொண்டே இருக்க வைத்தாள். காற்றில் விளக்கைக் கையால் மறைத்துக்கொண்டு நடப்பவர்களைப் போல, எல்லா மெட்டுகளும் அந்த ஒரு சுரத்தைப் பொத்திக்கொண்டே நடந்தன.

எதையெல்லாமோ வெட்ட வேண்டியிருந்தது. முன்னுரை கிடையாது. ஒன்றை இரண்டாம் முறை சொல்ல இடம் கிடையாது. அழகுக்காகப் போட்ட சுரங்களை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் போட்டாள், கீரை ஆய்வது மாதிரி. மெக்கானிக் ஏணியிலிருந்து விழுந்த வாரம், தடதடவென்று இறங்கும் ஒரு மெட்டு. மழை விடாமல் பெய்து தெரு முழங்கால் அளவு நின்ற வாரம், ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வரும் ஒன்று. எதற்கும் பெயர் வைக்கவில்லை. ஆனால் எல்லாவற்றிலும் அவள் உயிரைக் கொடுத்தது கடைசி சில விநாடிகளுக்குத்தான், மெட்டு வீடு வந்து சேரும் இடத்துக்கு. பேச்சில் 'நீ மட்டும்' என்று அறுந்துபோனது அங்கே முடிய வேண்டும் என்று அவளுக்கு ஒரு வைராக்கியம். முதல் இருபத்தைந்து விநாடி இரண்டு நாளில் வந்துவிடும். கடைசி ஐந்துக்கு மீதி வாரம் போகும்.

ஹோட்டலில் இது தெரிய ஆரம்பித்தது. கூடத்தில் வாசிக்க வேண்டியவற்றுக்கு நடுவே அவளையறியாமல் வாரத்து மெட்டு வந்துவிடும். வந்து, முப்பது விநாடியில் நின்றுவிடும். மறுபடி அதே. மறுபடி அதே, கடைசியில் ஒரே ஒரு சுரம் மாறி.

"பியானோக்கா, இது என்ன மைக்ரோவேவ் மாதிரி?" என்றான் காபி கொண்டுபோகும் பணியாள். "நான் சூடாயிடுச்சுன்னு எடுக்கப் போயிட்டேன்."

மேனேஜருக்குச் சிரிப்பு வரவில்லை. "மேடம், நேத்து ஒரு கெஸ்ட் கேக்கறாரு, பியானோ ரிப்பேரான்னு. இன்னொருத்தர் காலிங் பெல்லுன்னு நெனச்சு வாசலுக்கே போயிட்டாரு. ஆரம்பிச்சா முடிங்க, மேடம். ஜனங்க டென்ஷனாகறாங்க."

"முடிச்சுட்டுத்தான் சார் நிறுத்தறேன்."

"எங்க காதுக்கு முடிஞ்ச மாதிரி இல்லையே."

அவள் தலையை ஆட்டிவிட்டு நீளமான ஒன்றைத் தொடங்கினாள். எவ்வளவு வேண்டுமானாலும் போகலாம், எங்கே வேண்டுமானாலும் மூச்சு விடலாம் என்று இருந்தது அது. நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசுகிறவர்களைப் பார்ப்பது போல அந்தப் பாட்டின் மேல் அவளுக்குக் கோபம் வந்தது.

நலன் அதிகாரி மறுபடி கூப்பிட்டது மாதத்தின் முதல் வாரத்தில். பெரியவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். வருஷத்துக்கு ஒரு தடவை எல்லார்கிட்டயும் போய்க் கேப்போம், வெளியில யார் வேணும்னு. அவங்களா வாயைத் திறந்து பேர் சொல்லணும். சொன்னாத்தான் அடுத்த வருஷத்துக்கு லைன் இருக்கும். இல்லைன்னா எடுத்துடுவோம்."

"போன வருஷம் என் பேரைச் சொன்னானே."

"சொன்னாரு. இப்ப வேற ஆளா இருக்காரும்மா. பாதிச் சாப்பாடு திரும்பி வருது. செவுத்தப் பாத்துப் படுத்துக்கறாரு. ரெண்டு தடவை தனியா வெச்சுக் கண்காணிக்க வேண்டியதாப் போச்சு." அதிகாரி மூக்கை உறிஞ்சினார். "நான் இங்க ரொம்ப வருஷமா இருக்கேன். யார் பேரும் சொல்லாதவங்க, அதுக்கப்புறம்…" வாக்கியத்தை அங்கேயே விட்டுவிட்டார்.

"நான் வாசிக்கறதைக் கேக்கறானா மேடம்?"

"பட்டனை அமுத்தறாரு. காதுல வெச்சுக்கறாரு. அது வரைக்கும் நான் பாத்திருக்கேன். முகத்துல ஒண்ணும் படிக்க முடியல."

"எப்பக் கேப்பீங்க?"

"மாசக் கடைசி திங்கக்கிழமை."

நடுவில் மூன்று ஞாயிறுகள் இருந்தன. ஈரச் சட்டையைக் கையில் பிடித்தபடியே அவள் அதைக் கணக்கிட்டாள். ஒன்றரை நிமிடம். அதற்குள் ஒருவனை அவன் வாயாலேயே தன் பெயரைச் சொல்ல வைக்க வேண்டும். பேசாமல்.

முதல் ஞாயிறு அவள் எல்லாவற்றையும் அதற்குள் திணித்தாள். அவன் பிறந்தது, நடந்தது, வேன் ஓட்டக் கற்றது, வழக்கு, அவள் தூங்காதது, சலவை வேனைத் தெருவில் எங்கே பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வது. விரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஓடின. முடித்தபோது வேர்த்துக் கொட்டியது.

"எப்படி இருந்துச்சு?" என்று கணவனைக் கேட்டாள். வழக்கமாகக் கேட்க மாட்டாள்.

மெக்கானிக் யோசித்தான். பொய் சொல்ல வராத மனுஷன். "வீடு தீப்பிடிச்சா மூட்டையைக் கட்டி ஜன்னல் வழியாத் தூக்கிப் போடுவாங்கல்ல. அந்த மாதிரி."

அவளுக்கும் அது தெரிந்திருந்தது. அன்று முழுவதும் சாப்பிடவில்லை.

அந்த வாரம்தான் அவர்களுக்குள் சண்டை வந்தது. பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. அவன் வேலையிலிருந்து வந்து, தட்டு வைக்காத மேசையைப் பார்த்தான். அவள் பியானோவில் கடைசி ஐந்து விநாடிகளைத் திருப்பித் திருப்பி வாசித்துக்கொண்டிருந்தாள்.

"உன் தம்பிக்கு முப்பது செகண்டாவது குடுக்கறே. எனக்கு?"

"பசிச்சா போட்டுச் சாப்பிட வேண்டியதுதானே?"

"பசிக்காகச் சொல்லல. ரெண்டு வருஷமாப் பாக்கறேன். இங்க ஒருத்தி செத்துச் செத்து வாசிக்கறா. அங்க ஒருத்தன் கேக்கறானா இல்லையான்னே தெரியல. கெணத்துல கல்லு போடற மாதிரி இருக்கு."

"கெணத்துல கல்லு போட்டா சத்தமாவது வரும்" என்றாள் அவள்.

அவன் சமையலறைக்குப் போனான். இரண்டு தட்டு எடுத்துவந்து வைத்தான். அவள் வந்து உட்கார்ந்தாள். சாப்பிடும்போது இருவரில் யாரோ ஒருவர் அழுதார்; அது அவளில்லை.

இரண்டாம் ஞாயிறு அவள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டாள். மிகவும் குறைவான சுரங்கள். கட்டைவிரலின் ஒற்றைச் சுரத்தின் மேல், ஒருவர் படியேறி வருவது போல மெல்ல வந்து, கதவருகே நின்று, உள்ளே நுழைவது. இதுவரை செய்ததிலேயே அதுதான் நன்றாக வந்திருந்தது. சனிக்கிழமை மாலை ஹோட்டலில் அதை வாசித்தபோது, காபிப் பணியாள் தட்டோடு நின்றுவிட்டு, கேலி எதுவும் பேசாமல் போனான்.

பீப் ஓய்ந்து, மெட்டு படியேறத் தொடங்கியதுதான் தாமதம், மேல்வீட்டில் மிக்சி அலறியது. கூரை முழுக்க அலறியது. நிறுத்தினால் பதிவு போய்விடும். அவள் வாசித்துக்கொண்டே இருந்தாள். கணவன் படிகளில் தடதடவென்று ஓடுவது கேட்டது. மிக்சி நின்றபோது அவளுடைய முப்பது விநாடியும் நின்றிருந்தது.

"ஞாயித்துக்கிழமை நாங்க சமைக்க வேணாமா?" என்று மேல்வீட்டுக்காரி படியிலிருந்து கேட்டாள். "ஒரு மாவை அரைக்கறதுக்குக் கீழ்வீட்டுல அனுமதி வாங்கணுமா? உங்க வீட்டு மெக்கானிக் ஏசியைத் தரையில வெச்சுத் தட்டும்போது நாங்க ஏதாவது கேட்டோமா?"

நியாயமான கேள்வி. பெரியவள் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். எழுந்து நின்று விஷயத்தைச் சொல்லலாம். சொன்னால் புரிந்துகொள்வாள், நல்லவள்தான். ஆனால் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. தாயும் மகளும் என்று தொடங்கினால் கேட்பவர்கள் அந்தத் தாய்க்காகவும் மகளுக்காகவும்தான் அழுவார்கள். அழ வேண்டியதும் அவர்களுக்காகத்தான். இதைப் பெரியவள் ஒருநாளும் மறந்ததில்லை. மறக்காமலே தம்பி வேண்டும் என்று நினைப்பதுதான் அவளை அரித்தது.

மூன்றாம் ஞாயிறுக்கு அவளிடம் ஒன்றும் வரவில்லை. திங்கள், செவ்வாய், புதன் போனது. உட்கார்ந்தால் விரல்கள் ஹோட்டல் பாட்டுகளுக்குப் போயின. வியாழக்கிழமை கூடத்தில் வாசிக்கும்போது நடுவில் நிறுத்தி, கட்டைகளின் மேல் கைகளை வைத்தபடி அப்படியே இருந்துவிட்டாள். மேனேஜர் வந்தார், முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு வீட்டுக்குப் போங்க மேடம்" என்று மட்டும் சொன்னார். சனிக்கிழமை அவளிடம் இருந்தது பாதி மெட்டு. முடிவு இல்லை. எந்தச் சுரத்தில் கொண்டுபோய் நிறுத்தினாலும் பொய்யாக இருந்தது. வீடு வந்து சேர்வது என்று எதைச் சொல்வது? அவன் வந்து சேரும் வீடு எது? அந்த இரண்டு பேர் வந்து சேராத வீடு ஒன்று இருக்கிறதே.

ஞாயிறு காலை ஃபிரிட்ஜ், விசிறி, கடிகாரம், சாவி. மெக்கானிக் மேல்வீட்டுக்குப் போய்விட்டான். மிக்சியின் பிளக்கைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு அவர்கள் சமையலறையில் நிற்பதாகவும், அதற்கு ஈடாக அவர்களுடைய ஃபிரிட்ஜைச் சும்மா பார்த்துத் தருவதாகவும் ஏற்பாடு. வீட்டில் அவள் மட்டும்.

பீப். கட்டைவிரல் தட்ட ஆரம்பித்தது. வலது கையில் பாதி மெட்டு நடந்தது. முடிவு வர வேண்டிய இடம் நெருங்கிக்கொண்டே இருந்தது. கடைசி நான்கைந்து விநாடி இருக்கும்போது வலது கை நின்றுவிட்டது. இடது கட்டைவிரல் மட்டும் தன் ஒற்றைச் சுரத்தைத் தட்டிக்கொண்டிருக்க, அவள் வாய் தானாகத் திறந்தது.

"என் பேரைச் சொல்லுடா. டேய், என் பேரைச் சொல்லிடுடா."

"உங்கள் செய்தி பதிவாகிவிட்டது. நன்றி."

அவள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பதிந்ததைத் திரும்பப் பெற அந்த இயந்திரத்தில் வழி கிடையாது. மேலே மிக்சி ஓட ஆரம்பித்தது. கணவன் பிளக்கைச் செருகிவிட்டான். அவன் இறங்கி வந்து, "ஆச்சா?" என்றபோது, "ஆச்சு" என்றாள். அவனிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? தம்பி கேட்டது ஒன்றே ஒன்று. அதைக்கூட அவளால் காப்பாற்ற முடியவில்லை. அவள் குரலைக் கேட்டால் அவன் அன்று முழுவதும் எழுந்திருக்க மாட்டான். மறுநாள்தான் கேட்கப்போகிறார்கள்.

திங்கட்கிழமை அவள் ஃபிரிட்ஜின் ஓசைக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தாள். மெக்கானிக் வேலைக்குப் போகவில்லை. போகாததற்கு இடுப்புவலியைக் காரணம் சொன்னான். மதியம் கைபேசி அடித்தபோது அவள் எடுக்கவில்லை. அவன்தான் எடுத்தான். கேட்டான். "சரிங்க மேடம்" என்றான். மறுபடி, "சரிங்க" என்றான். பிறகு அவள் பக்கத்தில் மெதுவாக உட்கார்ந்தான்.

"உன் பேரைச் சொன்னானாம். உன் பேரை மட்டும்."

அவள் ஃபிரிட்ஜில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

அந்த ஒற்றை வாக்கியம்தான் அவனை இழுத்துப் பிடித்தது என்று அவள் நம்பினாள். பேசாதே என்றவன் உள்ளுக்குள் பேசச் சொல்லித்தான் காத்திருந்திருக்கிறான். ஆண்பிள்ளைகளின் வீம்பு, அக்கா அதை மீறியிருக்க வேண்டும், மீறத் தெரியாமல் இருந்துவிட்டாள். இப்படியெல்லாம் அவளாகவே ஒரு காரணத்தைக் கட்டிக்கொண்டாள். அதன் பிறகு வந்த ஞாயிறுகளில் எல்லா மெட்டுகளின் கடைசியிலும் ஒன்றிரண்டு வார்த்தைகளுக்கு இடம் விட்டாள். இனிமேல் சுரங்களால் வீடு வந்து சேர வேண்டிய அவசியம் இல்லை என்பதால் வேலையும் சுலபமாயிற்று. "சாப்பிடுடா" என்பாள் ஒரு வாரம். "மாமா ஏணியில ஏறறதை விட்டுட்டாரு" என்பாள். ஒரு வாரம் வெறுமனே "தம்பி" என்றாள்.

ஆனாலும் பயம் போகவில்லை. நலன் அதிகாரியிடமிருந்து அழைப்பு வந்தால் கணவனைத்தான் எடுக்கச் சொல்வாள். இரண்டு முறை கண்காணிப்பில் வைத்ததாகச் செய்தி வந்தது. ஒருமுறை ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனார்கள். அடுத்த வருடக் கேள்விக்கும் அவன் அவள் பெயரைச் சொன்னான். அதற்குப் பிறகு பல மாதங்கள் கழித்து, வந்து பார்க்கலாம் என்றான்.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் வந்து உட்கார்ந்தவனைப் பெரியவளுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. சட்டைக்குள் யாரோ ஹேங்கரை மாட்டி வைத்தது போல இருந்தான். இருவரும் ரிசீவரை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றிரண்டு வார்த்தைக்குமேல் பேசலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"பேசுக்கா. இங்க பேசலாம்" என்றான் அவன். முகம் சிரிக்கப் பார்த்தது. "மாமா நல்லா இருக்காரா?"

"இருக்காரு. இடுப்பைப் புடிச்சுட்டு வெளியில நிக்கறாரு."

"ரொம்ப நாளா உன்னை ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். ஏன்க்கா எதையுமே முடிக்க மாட்டேங்கறே? எல்லாம் வாசல் வரைக்கும் வந்து அப்படியே நின்னுடுது. ராத்திரி படுத்துட்டு நானா ஏதாவது ஒண்ணைச் சேத்துக்குவேன்."

"முடிக்கறேனேடா."

"இல்லக்கா." அவன் ரிசீவரைக் கை மாற்றிக்கொண்டான். "போன தடவைக்கு முந்தின தடவை அந்த மேடம் வந்து கேட்டாங்கல்ல, யார் வேணும்னு. ஒருத்தரும் வேணாம்னுதான் உக்காந்திருந்தேன். அப்புறம் நெனச்சேன். வாயை மூடத் தெரியாதவ நீ. பேசாதேன்னு ஒரு வார்த்தை சொன்னேன், அன்னியிலிருந்து இன்னிக்கு வரைக்கும் ஒரு சொல்லு பேசல. அவ்வளவு கஷ்டப்பட்டு ஒருத்தி சும்மா இருக்காளேன்னுதான் உன் பேரைச் சொன்னேன்."

பெரியவள் ரிசீவரைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டாள். பிறகு, அவனுக்குச் செய்திகள் எப்படி வருகின்றன, பட்டனை அழுத்தினால் முதலில் என்ன கேட்கும் என்று, சும்மா தெரிந்துகொள்ளக் கேட்பது போலக் கேட்டாள்.

"மொதல்ல ஒரு அம்மா பேசும். இது உங்கள் குடும்பத்தாரிடமிருந்து வந்த செய்தி, இது கண்காணிப்புக்கு உட்பட்டதுன்னு. அது முடிஞ்சுதான் நீ வருவே. அதுவும் சேத்துத்தான் முப்பது செகண்டு. முப்பது ஆனதும் நீ வாசிச்சுட்டிருக்கும்போதே டக்குனு நின்னுடும்."

அவள் முனையில் ஒருநாளும் கேட்டிராத அந்த அறிவிப்பு ஏழு விநாடி நீளம்.